தம்பிரான் என்னும் சொல்

வன்னிப் பெருநிலப்பரப்பில், கிளிநொச்சி மாவட்டத்துப் புளியம்பொக்கணையிலும் வவுனியா வடக்கைச் சேர்ந்த புதூரிலும் நாகத்தைத் தெய்வமாகக் கொண்ட பெயர்பெற்ற கோயில்கள் உள்ளன. அங்கு உறையும் தெய்வத்தை மக்கள் நாகதேவன் என்றோ நாகராசன் என்றோ சொல்லாமல் நாகதம்பிரான் என்றே சொல்கின்றனர். இப்பெயரின் பின்பாதியாகிய 'தம்பிரான்' சைவத் திருமடத்துத் துறவிக்கும், தமிழ் எழுத்தில் அச்சேறிய பழம்பெரும் நூலொன்றில் கிறித்தவர் வணங்கும் ஏக இறைவனுக்கும், வயலோரப் புற்றில் குடியிருக்கும் நாகத்துக்கும் பெயராக நின்ற சொல்லாகும். கடவுளைத் தமிழர் எந்த உறவில் வைத்து நினைத்தனர் என்பதை இதைப்போல் வெளிப்படையாகச் சொல்லும் சொற்கள் மிகச் சிலவே.

'தம்பிரான்' என்பது தம், பிரான் என்னும் இரு சொற்களின் கூட்டு. 'பிரான்' தலைவன், உடையவன் என்று பொருள்படும்; பெருமான் என்பதற்குப் பெண்பால் பெருமாட்டி எனவும் பிரான் என்பதற்குப் பெண்பால் பிராட்டி எனவும் வருவதை நோக்கினால், பிரான் என்பது பெருமான் என்பதன் குறுக்கம் என்று கொள்வது பொருந்தும். 'தம்' என்பதோ தந்தை, தம்பி, தங்கை என்னும் உறவுப் பெயர்கள் எல்லாவற்றின் முகப்பிலும் நிற்கும் அதே 'தம்'. தமக்குப் பின் பிறந்தவன் தம்பியானது போலத் தம்மை உடைய தலைவன் தம்பிரான் ஆனான். எம்பிரான் என்று அழைப்பவன் தன்னைச் சேர்ந்தோர் சார்பில் பேசுகிறான். தம்பிரான் என்னும்போது அந்தத் தலைவனுக்கு உரியோர் யாவரும் அச்சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றனர். உலகைப் படைத்தவன், எங்கும் நிறைந்தவன் என்பன போன்ற பெயர்கள் கடவுளின் இயல்பைச் சொல்ல, இச்சொல் அவ்வியல்பைப் பற்றி எதுவும் பேசாமல், யாருக்கு உரியவன் என்பதை மட்டும் சொல்கிறது.

சைவ மரபு இவ்வுடைமைப் பொருளைச் சட்டநுட்பத்தோடு பற்றிக்கொண்டது. சுந்தரரின் திருமணப் பந்தலுக்கு முதிய அந்தணராக வந்த சிவபெருமான், அவருடைய பாட்டனார் எழுதிக்கொடுத்த அடிமை ஓலையைத் திருவெண்ணெய்நல்லூர் அவையில் காட்டி, அவர் தமக்கு உரியவர் என்று வழக்கில் வென்ற கதை பெரியபுராணத்தில் வருகிறது. அவ்வாறு ஆட்கொள்ளப்பட்டவரே பின்னர் 'தம்பிரான் தோழர்' என்று பெயர் பெற்றார். அடிமை என்று ஓலை வைத்து வழக்காடியவனோடு தோழமை கொள்ளும் அளவுக்கு நெருங்க முடியும் என்பதை அப்பெயரே ஒப்புக்கொள்கிறது. தருமபுரம், திருவாவடுதுறை முதலிய ஆதீனங்களில் துறவு பூண்டோரைத் தம்பிரான் என்று வழங்குவதும் இதன் தொடர்ச்சி. மேற்குமலைக்கு அப்பால் மலையாளத்தில் இச்சொல் தம்புரான் என்று ஒலிமாறி, அரச குடும்பத்தாருக்கும் கடவுளுக்கும் பொதுவாயிற்று.

1578-ஆம் ஆண்டு அக்டோபரில் கொல்லத்தில் பதினாறு பக்க நூலொன்று அச்சிடப்பட்டது. பிரான்சிஸ் சேவியரின் போர்த்துக்கேய ஞானோபதேசத்தைத் தழுவி அன்றிக்கு அன்றிக்கசு அடிகள் தமிழாக்கிய அந்நூலின் பெயர் தம்பிரான் வணக்கம். முத்துக்குளித்துறைப் பரதவரிடையே பல்லாண்டுகள் வாழ்ந்து, சில காலம் மன்னாரிலும் பணியாற்றிய அன்றிக்கசு, மக்கள் பேச்சை நன்கு கற்றவர். ஏக இறைவனைக் குறிக்க இலத்தீன் சொல்லையோ போர்த்துக்கேயச் சொல்லையோ இறக்குமதி செய்யாமல், மலையின் இருபுறத்தாருக்கும் விளங்கும் ஒரு சொல்லை அவர் எடுத்தாண்டது பெரிய துணிவு.

ஆயினும் அச்சொல் திருச்சபையில் நிலைக்கவில்லை. 1606-இல் மதுரைக்கு வந்த மறைப்பணியாளர் இராபர்ட் தெ நொபிலி 'சருவேசுரன்' என்னும் வடமொழிச் சொல்லைப் பரப்பினார். தரங்கம்பாடியில் விவிலியத்தைத் தமிழாக்கிய சீகன்பால்கு சருவேசுரன் என்பதையே கைக்கொள்ள, பின்னர் அதை மொழிபெயர்த்த பப்ரிசியசு 'பராபரன்' என்பதைத் தேர்ந்தார். ஆறுமுக நாவலரின் துணையோடு யாழ்ப்பாணத்தில் உருவாகிப் பீட்டர் பேர்சிவல் பெயரால் 1850-இல் வெளிவந்த விவிலிய மொழிபெயர்ப்பு 'தேவன்' என்றது. 1995-இல் வெளியான பொது மொழிபெயர்ப்பு 'கடவுள்' என்றது. இம்மாற்றங்களுக்கு அடியில் உண்மையான மெய்யியல் இடர்ப்பாடு ஒன்று இருந்தது. அனைத்துக்கும் இறைவன் ஒருவனே என்று போதிக்கும் சமயத்துக்குச் 'சருவ' என்னும் முன்னொட்டு தேவைப்பட்டது. 'தம்' என்பதோ ஒரு கூட்டத்தாருக்கு, ஓர் ஊருக்கு உரியவன் என்னும் எல்லையைத் தன்னுள்ளேயே வைத்திருந்தது. தமிழ் முசுலிம்கள் 'வல்ல நாயன்' என்று அல்லாகுவைக் குறிக்கும்போது, நாயன்மார் என்பதிலுள்ள அதே தலைமைச் சொல்லையே எடுத்து, வல்லமையைக் கூறும் அடைமொழியால் அதை விரித்துக்கொண்டனர். 'ஆண்டவர்' என்னும் சொல் பழனியிலும் நாகூரிலும் தேவாலயத்திலும் ஒன்றுபோல் ஒலிப்பதும் இங்கு நினைக்கத்தக்கது. இச்சொல்மாற்றங்களால் திருச்சபை அடைந்த தெளிவு பெரிது எனினும், தம்பிரான் என்னும் சொல்லிலிருந்த அண்மையை அடுத்து வந்த நான்கு சொற்களில் எதுவும் முழுதாக ஈடுசெய்யவில்லை.

நூல்கள் கைவிட்ட எல்லைப் பொருளை வன்னி விடாமல் காத்தது. காலபோக நெல் விளைந்து அருவி வெட்டுத் தொடங்கும்போது, தாளைப் பற்றிக் குனியும் கைக்கு ஒரு சாண் தொலைவில் புடையன் சுருண்டு கிடக்கலாம். வெட்டிக் குவித்த சூட்டுக்குள் எலியைத் தேடி நாகம் நுழையலாம். காடு வெட்டிக் கழனியாக்கியவர்கள், அந்நிலத்துக்குத் தமக்கு முன்பே ஓர் உடையவன் உண்டு என்பதை மறுக்க முடியாத நிலையில் வாழ்ந்தனர். ஆகவே புற்றை இடித்துத் தள்ளாமல் அதற்குப் பாலும் பழமும் முட்டையும் வைத்து, அவ்வுடையவனைத் தம் உடையவன் ஆக்கிக்கொண்டனர். 'நாகத்தின் தலைவன்' என்றும் 'நாகமாகிய தலைவன்' என்றும் பிரித்துப் பொருள் காண இடமிருந்தாலும், வழிபாடு இரண்டாவதையே காட்டுகிறது. அறுவடை முடிந்தபின் வரும் பங்குனி உத்திரத்தன்று புளியம்பொக்கணையில் பொங்கல் பானைகள் ஏறுவது, விளைச்சலில் நிலத்துக்குரியவனின் பங்கைச் செலுத்துவது போன்றதாகும். போரினால் இடம்பெயர்ந்து, பற்றை மண்டிய காணிகளுக்குத் திரும்பியோருக்கு இவ்வுரிமை பழங்கதையாக இருந்திருக்க முடியாது.

பாம்பைப் பற்றிய இதே அச்சம் கத்தோலிக்கரையும் ஒரு தலத்துக்கு அழைத்துச் சென்றது. ஒல்லாந்தர் கத்தோலிக்கத்தை ஒடுக்கிய காலத்தில், மாந்தையிலிருந்த மரியன்னையின் திருவுருவத்தை 1670-இல் அடியார்கள் காட்டுக்குள் கொண்டு சென்றதாகத் திருச்சபை மரபு கூறும். அது நிலைபெற்ற மடுத்தலம் இன்று மன்னார் மாவட்டத்தில் உள்ளது. மடு மாதாவின் தலத்து மண் பாம்புக் கடிக்கு மருந்தும் காப்புமாகும் என்னும் நம்பிக்கை கத்தோலிக்கரோடு நில்லாமல், அங்கு திரளும் சைவரிடத்தும் பௌத்தரிடத்தும் வேரூன்றியுள்ளது. திருச்சபையின் கோட்பாட்டில் மாதா கடவுள் அல்லள். கடவுளிடம் பரிந்து பேசுபவள். ஆனால் ஒரு பிடி மண்ணைத் துணியில் முடிந்து காட்டுவழி வீடு திரும்பிய குடியானவனுக்கு அவள் அந்தக் காட்டுக்குரியவள், தன்னுடையவள். நாகதம்பிரான் கோயிலில் புற்றுமண்ணை எடுத்துப் பூசிக்கொள்ளும் அயல் கிராமத்தான் தம்பிரான் என்பதும் இந்த உரிமையைத்தான்.