திப்பு சுல்தானின் துப்பாக்கிகளும் அவற்றின் விலைமதிப்பும்

பழந்துப்பாக்கி ஒன்றன் மதிப்பை அறிய விழைவோர் மூன்று வினாக்களை எழுப்புவர். அதனைச் செய்தவர் யார்? வைத்திருந்தவர் யார்? எவ்வெவர் கைவழியாக அது இன்றைய உடைமையாளரை வந்தடைந்தது? இவற்றுள் மூன்றாவதே வரலாற்று மாணவரைச் சங்கடத்திற்குள்ளாக்குவது. மைசூரை ஆண்ட திப்பு சுல்தானின் துப்பாக்கிகளைக் கொண்டு இதனை ஆராய முற்படுகிறோம்.

2015ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் இலண்டனில் நடந்த போன்ஹாம்ஸ் ஏலத்தில், திப்புவின் வேட்டைத் துப்பாக்கி ஒன்று 722,500 பவுனுக்கு விலைபோனது. 2019 மார்ச்சில் இங்கிலாந்தின் பெர்க்சயரில் ஏலமிடப்பட்ட மற்றொன்று, துப்பாக்கிமுனைக் கத்தியுடன் சேர்த்து 60,000 பவுனே பெற்றது. இரண்டும் ஒரே மன்னருக்கு உரியனவாக மதிக்கப்பட்டவை. இரண்டும் சக்கிமுக்கிக் கல்லின் பொறியால் வெடிப்பவை. வேலைப்பாடும் அமைப்பின் அருமையும் விலையை இவ்வளவு தூரம் விலக்கிவிடுகின்றன.

திப்புவின் படைக்கலங்களை இனங்காண்பது அத்துணைக் கடினமன்று. புலித்தலை உருவங்கள், புலியின் உடல்வரிகளை ஒத்த கோலங்கள், தந்தை ஐதரின் பெயரைத் தாங்கிய முத்திரை ஆகியவை அவற்றுள் காணப்படும். ஆண்டெண்ணில்தான் அறியாதார் இடறுவர். திப்பு ஹிஜ்ரி ஆண்டைக் கைவிட்டு மௌலூதி என்னும் புதிய ஆண்டுமுறையைப் புகுத்தினார். அம்முறைப்படி 1221 என்பது கி.பி. 1793-94ஐக் குறிக்கும். அதனையே ஹிஜ்ரி என மயங்கினால் 1806-07 எனக் கணக்காகும். திப்பு மடிந்ததோ 1799 மே 4. உண்மையான துப்பாக்கியைப் போலியென ஒதுக்குவதற்கு இவ்வொரு பிழை போதும். கணக்கைத் தெரிந்தவருக்கு அதே எண் நற்சான்றாகிவிடுகிறது.

பிற்காலத்தில் விசைப்பொறியை மாற்றியமைத்திருந்தாலோ, துருவைப் போக்குவதாகக் கருதிக் குழலைப் பளபளவெனத் தேய்த்திருந்தாலோ மதிப்புக் குறையும். வீட்டிலுள்ள பழம்பொருளைத் துலக்கி வைக்கும் நம்மவர் வழக்கத்திற்கு இது நேர்மாறானது.

இனி மூன்றாம் வினாவிற்கு வருவோம். பெர்க்சயர் துப்பாக்கி ஒரு வீட்டின் பரணில் கிடந்தது. அவ்வீட்டாரின் முன்னோர் கிழக்கிந்தியக் கும்பினியின் படையதிகாரி என்பதே அதன் வரலாற்றுச் சான்று. சீரங்கப்பட்டணம் வீழ்ந்த நாளில் படைவீரர் நகரைச் சூறையாடினர். எஞ்சிய அரண்மனைச் செல்வம் படையினருக்குப் பங்கிடப்பட்டது. அந்தச் சூறையில் பங்குபெற்ற படையைச் சேர்ந்தவர் கைக்கு வந்தது என்று காட்ட முடிந்தால்தான் துப்பாக்கி திப்புவினுடையது என்பது வலுப்பெறுகிறது. அஃதாவது, கொள்ளையின் ஆவணமே விலையின் ஆதாரம். இந்தியாவுக்குத் திருப்பியளிக்குமாறு இந்தியத் தூதரகம் கேட்டுக்கொண்டும் ஏலம் நடந்தேறியது.

2023 மே திங்களில் திப்புவின் மற்றொரு வேட்டைத் துப்பாக்கிக்குப் பிரித்தானிய அரசு தற்காலிக ஏற்றுமதித் தடை விதித்தது. அதன் மதிப்பு 20 இலட்சம் பவுன் என அறிவிக்கப்பட்டது. 1793-94இல் செய்யப்பட்ட அது, கார்ன்வாலிஸ் பிரபுவுக்கு வழங்கப்பட்டதாம். பினாங்கிலுள்ள கோட்டை தாங்கி நிற்பதும் இவர் பெயரையே. 1792இல் திப்புவைப் பணியவைத்த இவர், மறு ஆண்டே இந்தியாவை விட்டு அகன்றவர். அவர் புறப்பட்ட காலத்தில் உருவான துப்பாக்கியைத் தோற்ற மன்னரே அவருக்கு அனுப்பினார் எனல் பொருந்தவில்லை. 1799க்குப் பின்னரே அது அவரை அடைந்திருக்கும் எனக் கருதுகிறோம். அத்துப்பாக்கி பிரித்தானியாவை விட்டு வெளியேறலாகாது என்பதே தடையின் நோக்கம்.