டீசல் என்ஜினில் ஆயில் கசிவின் மூலத்தைக் காணுதல்

வெளியே தெரியும் ஈரத்தைத் தொடர்ந்து பின்னோக்கிப் போய், ஆயில் உண்மையில் வெளியேறும் இணைப்பையோ சீலையோ கண்டறிவதே கசிவின் மூலத்தைக் காணுதல். பட்டறைகளில் இதைச் சுருக்கமாக 'லீக் பார்ப்பது' என்பார்கள்.

ஈரம் தெரியும் இடமும் ஆயில் வெளியேறும் இடமும் பெரும்பாலும் ஒன்றல்ல. ஆயில் மேலிருந்து கீழே இறங்கும். ரேடியேட்டர் ஃபேனின் காற்றும் வண்டி ஓடும்போது வீசும் காற்றும் அதை முன்னிருந்து பின்னே தள்ளும். அதனால் எங்கே கசிந்தாலும் கடைசியில் அது ஃப்ளைவீல் ஹவுசிங்கின் கீழ் விளிம்பில் வந்து சொட்டுகிறது. அங்கே சொட்டுவதைப் பார்த்ததும் 'பின் ஆயில் சீல் போய்விட்டது' என்று முடிவுகட்டி கியர்பாக்ஸை இறக்குவதுதான் இந்த வேலையில் மிக அதிகம் நடக்கும், மிக அதிகச் செலவு வைக்கும் பிழை. கியர்பாக்ஸ், கிளட்ச், ஃப்ளைவீல் மூன்றையும் கழற்றி மாட்டிய பிறகும் அதே இடத்தில் அதே சொட்டு விழும்.

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு கம்மின்ஸ் 6பிடி என்ஜின். 102 மி.மீ. போர், 120 மி.மீ. ஸ்ட்ரோக், 5.9 லிட்டர், வரிசையாக ஆறு சிலிண்டர். அமெரிக்காவில் 1989 முதல் டாட்ஜ் பிக்கப் வண்டிகளில் வந்தது. 1993-ல் உருவான டாடா கம்மின்ஸ், ஜாம்ஷெட்பூரில் இதே குடும்பத்து என்ஜின்களை டாடா லாரிகளுக்காகத் தயாரித்தது. ஆகவே இந்திய லாரிப் பட்டறைகளுக்கும் இது பழகிய முகம். இதன் 12 வால்வு வடிவத்தில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி ராக்கர் கவர் உண்டு. ஆறாவது கவரின் பேக்கிங் இறுகிப்போனால், ஆயில் ஹெட்டின் பின்புறமாக வழிந்து நேராக ஃப்ளைவீல் ஹவுசிங்கில் இறங்கும். பார்வைக்கு அது பின் சீல் கசிவேதான். இடப்பக்கம், டீசல் பம்புக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் நீளமான டேப்பட் கவர் இன்னும் மோசம். கண்ணுக்கும் எட்டாது, கைக்கும் எட்டாது. சிறு கண்ணாடியை நுழைத்துப் பார்த்தால்தான் தெரியும். முன்புறம் கியர் ஹவுசிங்கைப் பொருத்தும் ஒரு டவல் பின் கழன்று பற்சக்கரங்களுக்கிடையே விழுந்து, ஹவுசிங்கையே விரிசலாக்கிவிடுவதும் இந்த என்ஜினில் பெயர்பெற்ற கோளாறு. வலப்பக்கத்தில் ஆயில் கூலர், ஃபில்டர், டர்போவிலிருந்து ஆயில் திரும்பும் குழாய் மூன்றையும் பார்க்க வேண்டும். ஃபில்டர் மாற்றியதும் கசியத் தொடங்கினால், பழைய ரப்பர் வளையம் இருக்கையிலேயே ஒட்டிக்கொண்டு நின்றிருக்கலாம்.

எதையும் கழற்றுவதற்கு முன், சொட்டுவது எதுவென்று உறுதிசெய்ய வேண்டும். ஒரு சொட்டை இரு விரலுக்கிடையே தேய்த்துப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். டீசல் தண்ணீர்போல் ஓடும், அதன் வாசனையே காட்டிக்கொடுக்கும். கியர் ஆயில் பிசுபிசுவென்று கந்தக நெடி அடிக்கும். ஓடிய என்ஜின் ஆயில் கரிபோல் கறுத்து, விரல் ரேகைக்குள் புகுந்து, துடைத்தாலும் லேசில் போகாது.

அடுத்தது கழுவுதல். பல ஆண்டு அழுக்கு அப்பியிருக்கும் என்ஜினில் லீக் பார்ப்பது வீண்வேலை. ஆல்டர்னேட்டரையும் மின் இணைப்புகளையும் பிளாஸ்டிக் தாளால் மூடி, வாட்டர் சர்வீஸ் செய்து, நன்கு காயவிட வேண்டும். பிறகு சந்தேகமுள்ள இடங்களில் டால்கம் பவுடரைத் தூவி, என்ஜின் சூடேறும்வரை ஓடவிட்டு, நிறுத்திவிட்டு டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். வெள்ளைப் பவுடரில் ஒரு கோடு மட்டும் நனைந்து பழுப்பாகியிருக்கும். அந்தக் கோட்டைப் பிடித்து மேலே போனால், எல்லாவற்றிலும் உயரமான, எல்லாவற்றிலும் முன்னால் இருக்கும் ஈரப்புள்ளியில் அது முடியும். மூலம் அங்கேதான். பவுடரில் சிக்காத நுண்கசிவுக்கு, ஆயிலில் ஒளிரும் சாயம் கலந்து புறஊதா விளக்கில் பார்க்கும் முறை உண்டு.

பல இடங்களில் ஒரே நேரத்தில் கசிந்தால் சீல்களைக் குறைசொல்வதற்கு முன், கிராங்க் கேஸின் வாயுவை வெளியேற்றும் ப்ரீதரைப் பார்க்க வேண்டும். பிஸ்டன் ரிங் தேய்ந்தால் எரிந்த வாயு கிராங்க் கேஸுக்குள் இறங்கும். பட்டறைகளில் இதற்குப் 'பேக் கம்ப்ரஷன்' என்று பெயர். அந்த வாயு அளவுக்கு மிஞ்சினாலோ, ப்ரீதர் குழாய் அடைபட்டாலோ, உள்ளழுத்தம் ஏறி நல்ல சீல் வழியாகவும் ஆயிலைத் தள்ளும். இதைச் சரிசெய்யாமல் எத்தனை சீல் மாற்றினாலும் பயனில்லை.

சிறு சொட்டுத்தானே என்று விடுவதும் தவறு. ஏறத்தாழ 20 சொட்டு ஒரு மில்லிலிட்டர். பத்து வினாடிக்கு ஒரு சொட்டு விழுந்தால் மணிக்கு 18 மில்லிலிட்டர். பத்து மணி நேர ஓட்டத்தில் 180 மில்லிலிட்டர். அளவைவிடக் கசியும் இடம் முக்கியம். டர்போவின் மேலோ எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் மேலோ ஆயில் பீய்ச்சினால் தீப்பிடிக்கலாம். கப்பல் என்ஜின் அறைகளில் 220 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாகும் பரப்புகளில் எண்ணெய் படக்கூடிய வாய்ப்பிருந்தால் அவற்றை உறையிட்டு மூட வேண்டும் என்று சர்வதேச கடல் பாதுகாப்பு விதி கட்டாயமாக்கியிருப்பது இதனால்தான்.

மேலே உள்ள எல்லா இடமும் காய்ந்திருந்து, ஃப்ளைவீல் ஹவுசிங்கின் உட்புறமும் கிளட்ச் பிளேட்டும் நனைந்திருந்தால் மட்டுமே கியர்பாக்ஸை இறக்க வேண்டும். இறக்கியபின் கறுத்த என்ஜின் ஆயிலா, முன் ஷாஃப்ட் சீல் வழியே வந்த கியர் ஆயிலா என்று மறுபடி முகர்ந்து பார்க்க வேண்டும். கிராங்க் ஷாஃப்டில் பழைய சீல் வெட்டிய பள்ளம் நகத்தில் தட்டுப்பட்டால், மேலே ஸ்லீவ் ஏற்றாமல் புதுச் சீல் நிற்காது. 6பிடியின் பின் சீலையும் அது உட்காரும் ஷாஃப்ட் பரப்பையும் எண்ணெய்ப் பசை துளியும் இல்லாமல் துடைத்து, உலர்ந்த நிலையில்தான் பொருத்த வேண்டும். மற்ற சீல்களைப்போல் ஆயில் தடவிப் போட்டால் புதுச் சீலும் ஒழுகும்.