அருணகிரிநாதர் ராப்பரா? திருவண்ணாமலையின் ‘நான்’

திருப்புகழுக்கு அடியில ஒரு டிரம் பீட் போட்டு, “தமிழின் முதல் ராப்பர்”னு தலைப்பு வெச்ச வீடியோவை நீங்க கண்டிப்பா ஒரு தடவையாவது பார்த்திருப்பீங்க. கேட்க நல்லாவே இருக்கும். ஆனா அந்தப் பட்டம் வேகத்துக்கு மட்டும்தான் கொடுக்கப்படுது. ராப்னா வேகம் மட்டும் இல்லையே. ஒருத்தர் மைக் முன்னாடி நின்னு “நான்”னு ஆரம்பிச்சு, தன் ஊர், தன் அவமானம், தன் பசி எல்லாத்தையும் சொல்றதும்தான் ராப். அருணகிரிநாதர் அப்படிச் சொன்னாரா? அவர் பாட்டுல வர்ற “நான்” யாரு? இன்னைக்கு எபிசோட் இதைப் பத்தித்தான்.

முதல்ல காலம். அருணகிரிநாதர் 15ஆம் நூற்றாண்டு. இதுக்கு ஆதாரம் அவர் பாட்டுக்குள்ளேயே இருக்கு. ஒரு பாட்டுல பிரவுட தேவ மகாராஜா பேர் வருது. 1422 முதல் 1446 வரை விஜயநகரத்தை ஆண்ட இரண்டாம் தேவராயர்தான் அது என்பது ஆய்வாளர்கள் பொதுவாக ஏற்றுக்கொண்ட கருத்து. அதாவது, இன்னைக்கு நாம திருவண்ணாமலைன்னு சொன்னதும் கண்ணு முன்னாடி வர்ற 217 அடி கிழக்கு ராஜகோபுரம் அப்போ கிடையாது. அதைத் தொடங்கியவர் அடுத்த நூற்றாண்டில் வந்த கிருஷ்ணதேவராயர். அருணகிரி பார்த்தது அதுக்கு முன்னாடியே இருந்த வல்லாள கோபுரத்தை. அது 14ஆம் நூற்றாண்டில் ஆண்ட ஹொய்சள மன்னர் மூன்றாம் வீர வல்லாளர் பேரில் இருக்கிற கோபுரம்.

இப்போ கதை. நம்ம எல்லாருக்கும் தெரிஞ்ச கதைதான். இளமையில பெண்கள் பின்னாடி அலைஞ்சு சொத்தையெல்லாம் அழிச்சார். உடம்புல நோய் வந்தது. கடைசியில அவருடைய அக்கா மனம் வெறுத்து ஒரு வார்த்தை சொல்ல, அது சுட்டது. நேரா வல்லாள கோபுரத்து மேல ஏறிக் குதிச்சார். முருகன் தாங்கிப் பிடிச்சார். அந்த இடத்துலதான் கோபுரத்து இளையனார் சன்னதி இருக்குன்னு இன்னைக்கும் காட்டுவாங்க. 1964இல் வந்த ‘அருணகிரிநாதர்’ படத்துல டி.எம்.சௌந்தரராஜனே நடிச்சுப் பாட, கதை வீட்டுக்கு வீடு போய்ச் சேர்ந்தது.

இந்தக் கதையில எவ்வளவு பாட்டுக்குள்ள இருக்கு? அக்கா பேசுற காட்சி செவிவழியா வந்தது. ஆனா ஒரு பாட்டு இருக்கு. அதன் சாரத்தை என் வார்த்தையில சொல்றேன். மனைவி சிரிக்கிறாள், ஊரே சிரிக்குது, அப்பாவும் உறவுக்காரங்களும் சலிச்சுப் போயிட்டாங்க, எல்லாரும் ஏசுறாங்க. இந்தப் பிறவி எடுத்ததுக்குக் கிடைச்ச பலன் இதுதானான்னு நினைச்சு உயிரை விட்டபோது, நீ கிட்ட வந்து உன் பாதத்தைக் கொடுத்தாய். அதை மறுபடி கொடு. அவ்வளவுதான். கோபுரம் இல்லை, வசனம் இல்லை. கோபுரக் கதைக்கு ஆய்வாளர்கள் காட்டுற அகச்சான்று இந்தப் பாட்டுதான்.

எனக்குக் கதையை விட இந்தப் பாட்டுதான் பெருசாத் தெரியுது. கதையில நடந்தது ஒரு அற்புதம். பாட்டுல இருக்கிறது ஒரு மனுஷன், அதுவும் எல்லாரும் தன்னைப் பார்த்துச் சிரிக்கிறாங்கன்னு எண்ணி எண்ணிச் சொல்ற மனுஷன். 600 வருஷம் கழிச்சும் அந்தப் பட்டியல் மாறலை. வீடு, ஊர், அப்பா, சொந்தக்காரங்க. ஒரு ஃபேமிலி வாட்ஸ்ஆப் குரூப் போதும். (கேட்கிற யாருக்காவது இந்த மனநிலை இப்போ இருந்தா, 14416க்கு ஒரு போன் பண்ணுங்க. டெலி மானஸ். இலவசம், தமிழ்லயே பேசலாம்.)

அப்போ எல்லா திருப்புகழும் சுயசரிதையா? அங்கதான் கவனமா இருக்கணும். நிறைய பாட்டுகளுக்கு ஒரே கட்டமைப்பு. முதல் பாதியில நான் மோகத்துல விழுந்தேன், முதுமை வந்தது, நோய்கள் வந்தன, காப்பாத்து. அடுத்த பாதியில சூரனோட போர், வள்ளி, மயில். கடைசியில ஊர் பேர்: திருத்தணி, பழனி, திருச்செந்தூர், கடல் தாண்டி கதிர்காமம் வரைக்கும். ராப் பாட்டுல தன் ஏரியா பேரைச் சொல்லி முடிக்கிற மாதிரியே. பல பாட்டுகளில் அவர் நரைத்து, கூன் விழுந்து, நோயில் கிடக்கிறார். அத்தனையும் அவர் வாழ்க்கையில் அப்படியே நடந்ததுன்னு படிக்க முடியாது. இதைப் பாடப்போற ஒவ்வொருத்தரும் உள்ளே வந்து நிக்கிறதுக்கான “நான்” அது.

தமிழ் ராப்லயும் இது உண்டு. 2021இல் வந்த ‘எஞ்சாயி எஞ்சாமி’யை எடுத்துக்கோங்க. அறிவு எழுதினது தன் பாட்டி வள்ளியம்மாளோட வாழ்க்கையிலிருந்து. இலங்கைத் தேயிலைத் தோட்டத்துல உழைச்சு, நிலம் இல்லாம திரும்பி வந்த தலைமுறை அது. ஒரு பாட்டியோட கதைதான், ஆனா கேட்ட லட்சக்கணக்கான பேருக்கு அது அவங்க குடும்பக் கதை. தனிப்பட்ட கவிதை ஊர்க் கவிதையா மாறுற இடம் இதுதான். வித்தியாசமும் உண்டு. அறிவோட “நான்” இழந்த நிலத்தைக் கேட்குது. அருணகிரியோட “நான்” அருளைக் கேட்குது. ரெண்டையும் ஒண்ணுன்னு சொல்லிட்டா ரெண்டு பேருக்குமே நியாயம் இல்லை.

சரி, டெக்னிக்குக்கு வருவோம். இந்த இடத்துல என்னுள்ள இருக்கிற இன்ஜினியர் எழுந்து உட்கார்ந்துட்டான். வழக்கமான தமிழ் யாப்புல நேரசை, நிரையசை கணக்கு. சந்தப் பாட்டுல அதைவிடக் கறார். ‘தத்த’ன்னா “தட்டு” மாதிரி வல்லினம் இரட்டிக்கணும். ‘தந்த’ன்னா “பந்து” மாதிரி மெல்லினம் முன்னாடி வரணும். ‘தான’ன்னா “காசு” மாதிரி நெடில். முதல் அடியில போட்ட வரிசை கடைசி அடி வரைக்கும் அப்படியே ஓடணும். ஒவ்வொரு பகுதியும் ‘தனதான’ மாதிரி ஒரு தொங்கல்ல போய் முடியும். கேட்கிறவங்க காது அதுக்காகக் காத்திருக்கும்.

இதுல ஒரு உபபயன் இருக்கு. ஏட்டைப் பிரதி எடுக்கிறவர் ஒரு எழுத்தை விட்டாலும் சந்தம் உடைஞ்சு காட்டிக்கொடுத்துடும். நம்ம பாஷையில சொன்னா, பாட்டுக்குள்ளேயே ஒரு செக்சம்.

ராப் பேட்டில் கூட உண்டு. பாரதம் பாடிய வில்லிபுத்தூரார், தன்கிட்ட தோத்த புலவர்களோட காதை அறுப்பாராம். அருணகிரி அவருக்கு முன்னாடி கந்தர் அந்தாதியைப் பாட, அவர் உடனுக்குடன் பொருள் சொல்லிட்டே வந்தாராம். 54ஆம் பாட்டு முழுக்கத் தகர வரிசை எழுத்துகள் மட்டும். அங்க நின்னுட்டார். ஜெயிச்ச அருணகிரி காதை அறுக்காம, இனி யார் காதையும் அறுக்காதேன்னு சொல்லி விட்டுட்டார்னு கதை. கதை கதைதான். ஆனா அந்தப் பாட்டு நிஜமாவே இருக்கு, இன்னைக்கும் உரை இல்லாம நமக்குப் புரியாது.

கடைசியா, இதெல்லாம் நம்ம கைக்கு எப்படி வந்தது? 16,000 பாட்டு பாடினார்னு மரபு சொல்லும். கிடைச்சது சுமார் 1,300. அதுவும் ஒரு கோர்ட் ஊழியரால. 1871இல் கடலூர் மஞ்சக்குப்பம் நீதிமன்றத்துல வேலை பார்த்த வ.த.சுப்பிரமணிய பிள்ளை, ஒரு வழக்குல சிதம்பரம் தீட்சிதர்கள் தங்கள் பெருமைக்குச் சான்றா ஒரு திருப்புகழைக் காட்டினதைக் கேட்டார். அந்த ஓசை அவரை விடலை. பின்னாடி மாவட்ட முன்சீப் ஆனார். ஊர் ஊரா ஏடு தேடிச் சேர்த்து 1890களில் முதல் தொகுதியை அச்சிட்டார். அவர் மகன் வ.சு.செங்கல்வராய பிள்ளை வாழ்நாள் முழுக்க அந்த வேலையைத் தொடர்ந்தார்; 1947இல் அருணகிரிநாதர் பத்தி ஆராய்ச்சி நூலும் எழுதினார்.

யோசிச்சுப் பாருங்க. ஊரே சிரிக்குதுன்னு ஒருத்தர் தனக்குள்ள பாடின பாட்டு, அப்பாவும் மகனுமா ரெண்டு பேர் தேடலைன்னா, ஏதோ ஒரு வீட்டுப் பரண்ல செல்லரிச்சுப் போயிருக்கும். அதனால அவரை ராப்பர்னு கூப்பிடுறதுல எனக்குப் பிரச்சினை இல்லை. வேகத்துக்காக மட்டும் கூப்பிடாதீங்க, அவ்வளவுதான். அடுத்த தடவை கிரிவலம் போனா, வல்லாள கோபுரத்துக்கிட்ட கோபுரத்து இளையனார் சன்னதியில ரெண்டு நிமிஷம் நில்லுங்க. ஹெட்போன்ல பீட் இல்லாத ஒரு திருப்புகழைப் போட்டு, தொங்கல் எங்க விழுதுன்னு கேட்டுப் பாருங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.