டில்லி காபி ஹவுஸ்: கொஞ்சம் சரித்திரம், கொஞ்சம் சொந்தக் கதை

நம் அகங்களில் காபி என்றால் அது விடியற்காலை சமாசாரம். பித்தளை ஃபில்டரில் டிகாக்ஷன் இறங்கி, முதல் டம்ளர் உள்ளே போனால்தான் பொழுது விடிந்ததாக அர்த்தம். ஆனால் காபிக்கு இன்னொரு வாழ்க்கையும் உண்டு. முன்பின் தெரியாதவர்களோடு ஒரே மேஜையில் உட்கார்ந்து, ஒரே ஒரு கப்பை வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் பேசுகிற வாழ்க்கை. அதை நான் டில்லியில்தான் தெரிந்துகொண்டேன்.

1973ல் பி.எஸ்ஸி. பௌதிகப் பட்டத்தோடு மத்திய சர்க்கார் உத்தியோகத்துக்காக டில்லி வந்தபோது எனக்கு வயது 22. கரோல்பாக்கில் ஒரே அறையில் மூன்று பேர். ஹிந்தி சுத்தமாக வராது. சாயங்காலம் ஆபீஸ் விட்டால் போக்கிடம் கிடையாது. சக ஊழியர் ஒருவர்தான் கன்னாட் பிளேஸ் காபி ஹவுஸுக்கு அழைத்துப் போனார். இன்று பாலிகா பஜார் இருக்கும் இடத்தில் அப்போது அது இருந்தது.

அதன் பூர்வோத்தரம் சுவையானது. இந்தியக் காபிக்கு உள்நாட்டில் வாடிக்கையாளர்களை உண்டாக்குவதற்காக 1936ல் பம்பாய் சர்ச்கேட்டில் முதல் இந்தியா காபி ஹவுஸ் திறக்கப்பட்டது. பிறகு காபி போர்டின் கீழ் நாடெங்கும் கிளைகள் வந்தன. 1950களின் மத்தியில் அவற்றை மூடிவிடுவதென்று போர்டு முடிவு செய்தது. ஊழியர்கள் தெருவில் நிற்கும் நிலை. கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன், ‘நீங்களே எடுத்து நடத்துங்கள்’ என்று அவர்களை ஊக்குவித்தார். 1957 ஆகஸ்ட் 19ல் பெங்களூரில் முதல் ஊழியர் கூட்டுறவுச் சங்கம் உருவாயிற்று. அக்டோபர் 27ல் டில்லியில் கூட்டுறவின் முதல் காபி ஹவுஸ் திறக்கப்பட்டது. விசிறி மடிப்புத் தலைப்பாகையோடு நமக்குக் காபி கொண்டுவந்து வைத்தவர்தான் அந்த ஸ்தாபனத்தின் பங்குதாரரும்கூட! அதனால்தானோ என்னவோ, ‘எழுந்திருங்கள், அடுத்தவர் காத்திருக்கிறார்’ என்று எங்களை யாரும் விரட்டியதில்லை.

ராம் மனோகர் லோகியா வந்து உட்கார்ந்து விவாதித்த காலத்தைப் பெரியவர்கள் கதை கதையாகச் சொல்வார்கள். ஹிந்தி எழுத்தாளர் விஷ்ணு பிரபாகர் காபி ஹவுஸின் நிரந்தர அங்கத்தினர் மாதிரி. பத்திரிகைக்காரர்கள், வக்கீல்கள், மாணவர்கள், வேலை தேடுபவர்கள் என்று எல்லோரும் வருவார்கள். பெண்கள் குறைவுதான், அந்தக் குறையையும் சொல்லத்தான் வேண்டும்.

இங்கே இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்கிறேன். என் தகப்பனார் காலத்தில் நம் பக்கத்துக் காபி கிளப்புகளில் ‘பிராமணாள்’ என்று போர்டு தொங்கும். நமக்கென்று தனி இடமும் இருக்கும். அந்தப் பழக்கத்தில் வளர்ந்த என் தாயார், ‘அங்கே கப்பை யார் அலம்புகிறார்கள்?’ என்று கடிதத்தில் கேட்டிருந்தாள். யாரும் அதைக் கேட்காத இடம் அது என்பதுதான் பதில். அதை எழுத எனக்கு தைரியம் வரவில்லை.

என் மேஜைக்கு வழக்கமாக வந்தவர்களில் ஒரு பஞ்சாபிப் பெரியவர். ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர், பிரிவினையின்போது லாகூரை விட்டு வந்தவர். எனக்குப் பேச்சு ஹிந்தி கற்றுக்கொடுத்தவர் அவர்தான். நான் சயன்ஸ் படித்தவன் என்று தெரிந்ததும் விஞ்ஞான வரலாறு பற்றிய ஆங்கிலப் புத்தகம் ஒன்றைப் படிக்கக் கொடுத்தார்.

லண்டன் காபிக் கடைகளைப் பற்றி அதில்தான் முதலில் படித்தேன். 1652ல் பாஸ்குவா ரோசே என்பவர் அங்கே முதல் கடையைத் திறந்தார். ஒரு பென்னி கொடுத்தால் காபியும் கிடைக்கும், ஊர் விஷயமும் கிடைக்கும். ஆகவே ‘பென்னி சர்வகலாசாலை’ என்றே பெயர். நாம் பள்ளியில் படித்த ஹூக் விதியின் ராபர்ட் ஹூக் ஓயாமல் இந்தக் கடைகளுக்குப் போய்வந்ததை அவர் டைரி சொல்கிறது. எட்வர்ட் லாயிட் நடத்திய காபிக் கடையில் கப்பல்காரர்கள் கூடியதிலிருந்து பிறந்ததுதான் லாயிட்ஸ் இன்ஷூரன்ஸ். இந்தப் பேச்சு மன்னர் இரண்டாம் சார்லஸுக்குப் பிடிக்கவில்லை. அரசாங்கத்தைப் பற்றி அவதூறு பரவுகிறதென்று 1675 டிசம்பர் 29ல் காபிக் கடைகளை மூட உத்தரவு போட்டார். ஜனவரி 10ல் அமலாக வேண்டும். ஊரே எதிர்த்தது, 8ஆம் தேதியே உத்தரவு வாபஸ்.

சரியாக முந்நூறு வருஷம் கழித்து எங்கள் முறை வந்தது. 1975 ஜூன் 25ல் நெருக்கடி நிலை பிரகடனமாயிற்று. ஒரு நாள் என் மேலதிகாரி தனியாக அழைத்து, ‘சின்னப் பையன் நீ. காபி ஹவுஸ் பக்கம் போகாதே. யார் யாரோ கவனிக்கிறார்கள்’ என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். மறுநாளிலிருந்து நான் போகவில்லை. கல்யாணமாகாத தங்கைகள் இருவர், புது உத்தியோகம் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். 1976ல் அந்தக் கட்டடம் இடிக்கப்பட்டது. லண்டனில் வாபஸ் ஆனது இங்கே ஆகவில்லை. பஸ்ஸில் போகும்போது ஜன்னல் வழியாக மண்மேட்டைப் பார்த்தேன். இறங்கவில்லை.

1977 மார்ச்சில் நெருக்கடி நிலை நீங்கியது. மோகன்சிங் பிளேஸ் மாடியில் நடந்த காபி ஹவுஸுக்குப் பல நாள் போய்ப் பார்த்தேன். பழைய முகங்கள் சில தென்பட்டன. பெரியவர் வரவில்லை. எங்கே குடியிருந்தார் என்று யாருக்கும் தெரியவில்லை. எனக்கும் தெரியாது, மூன்று வருஷப் பழக்கத்தில் கேட்கத் தோன்றியதே இல்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு அந்த மேஜைக்குப் போனால் இருப்பார், அவ்வளவுதான். காபி ஹவுஸ் சிநேகத்துக்கு அந்தக் கட்டடம்தான் விலாசம். அதை இடித்தால் சிநேகமும் போயிற்று. புத்தகம் இன்னும் என் அலமாரியில் இருக்கிறது. முதல் பக்கத்தில் அவர் பெயரும் ‘லாகூர்’ என்பதும் மட்டுமே உள்ளன.

காபிக்கு இன்று பஞ்சமில்லை. குளிர்சாதனக் கடைகளில் நான் அந்தக் காலத்தில் வாங்கிய ஒரு நாள் சம்பளத்தைவிட அதிக விலைக்கு விற்கிறார்கள். ஆனால் நம் குடியிருப்புகளில், பேச ஆளில்லாமல் டி.வி. முன் உட்கார்ந்திருக்கும் முதியவர்கள் எத்தனை பேர்! ஊருக்குப் புதிதாக வந்து, அறையில் செல்போனோடு தனித்திருக்கும் பிள்ளைகள் எத்தனை பேர்!

ஆகவே நம் சங்கத்துக்கு ஒரு யோசனை. ஞாயிற்றுக்கிழமை மாலை இரண்டு மணி நேரம் ஹாலைத் திறந்து வைப்போம். தலைமையுரை வேண்டாம், நன்றியுரை வேண்டாம். அங்கத்தினர்தான் என்றில்லை, அக்கம்பக்கத்தார் யார் வந்தாலும் உட்காரட்டும். டிகாக்ஷன் போடும் பொறுப்பை நான் ஏற்றுக்கொள்கிறேன். வருகிறவர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள்: பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் விலாசத்தைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.