தஞ்சைச் சத்திரங்களும் பசித்தோரும்

கி.பி. 1801ஆம் ஆண்டில் தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி, கும்பினியாரின் ரெசிடெண்டாக இருந்த பெஞ்சமின் டோரினுக்கு ஒரு மடல் விடுத்தார். 1799 உடன்படிக்கையால் கோட்டையும் அதனைச் சூழ்ந்த சிறு நிலமும் தவிர நாடு கும்பினியார் வசமாகிவிட்டிருந்தது. வரி போயிற்று, படை போயிற்று. அந்நிலையில் மன்னர் வேண்டிக்கொண்டது, இராமேசுவரப் பாதையில் தம் முன்னோர் நிறுவிய சத்திரங்களுக்கு விடப்பட்ட நிலங்களில் கைவைக்க வேண்டாம் என்பதே. தஞ்சையைத் தரும இராச்சியம் என்று பிறர் அழைப்பதையே தமக்குற்ற பெருஞ்சிறப்பாக அவர் கருதினார்.

அம்மடல் காட்டும் சத்திரம் வெறும் சோற்றுக்கூடம் அன்று. அந்தணர் முதல் ஆதிதிராவிடர் ஈறாக வழிப்போக்கர் அனைவர்க்கும் சமைத்த சோறு. சமைத்ததை உண்ணாதார்க்கு அரிசியும் உடன் வேண்டிய பண்டங்களும். நள்ளிரவு வரை படி அளப்பு நீளும். பின்னர் மணி அடித்து, இன்னும் உண்ணாதார் உளரேல் வருக எனக் கூவி அழைப்பர். நோயில் விழுந்தோர்க்கு மருத்துவரும் பத்தியமும், நஞ்சு தீண்டியோர்க்கு மருந்தறிந்தோரும், பேறுகாலம் நேர்ந்த பெண்ணுக்கு மருந்தும் மகவுக்குப் பாலும் உண்டு. வழிநடையில் பெற்றோரை இழந்த பிள்ளைகளை ஆசிரியர் பொறுப்பில் விட்டனர். மூன்று வேளை உணவும் உடையும் அளித்து, நான்கு நாளுக்கு ஒருமுறை எண்ணெய் தேய்த்து, கல்வி முற்றியபின் மணச்செலவும் ஏற்றனர். கோரிக்கை மடலாதலின் சற்றே மிகை கலந்திருக்கலாம். எனினும், நாடிழந்த மன்னர் ஒருவர் அயல்நாட்டு அதிகாரிக்கு எழுதுகையில் அநாதைப் பிள்ளையின் எண்ணெய்க் குளியலை மறவாமற் குறித்தது எண்ணத்தக்கது. 1781இல் ஐதர் அலியின் படையெடுப்பால் காவிரிநாடு பசியில் வீழ்ந்தபோது நெல் சேர்த்துவைத்துச் சோறிட்ட சுவார்ட்சு பாதிரியாரே சரபோஜியின் இளமைக் காவலர்.

டோரினின் நாட்டிலும் வறியோர்க்குச் சட்டம் இருந்தது. எலிசபெத் அரசியார் காலத்து 1601ஆம் ஆண்டுச் சட்டம், ஒவ்வொரு திருச்சபை வட்டாரமும் தன் ஏழைகளைத் தானே வரி தண்டிக் காக்க வேண்டும் என்றது. அங்கே முதற்கேள்வி, நீ எந்த ஊர் என்பது. 1662இல் வந்த குடியிருப்புச் சட்டம், பிற ஊரிலிருந்து வந்த ஏழை தம் வரிக்குச் சுமையாவான் என அஞ்சினால் அவனை அவன் ஊருக்கே திருப்பியனுப்ப வழிசெய்தது. ஊர்சுற்றிகளுக்குச் சவுக்கடியும் உண்டு. தஞ்சைச் சத்திரமோ அயலூரானுக்கென்றே எழுந்தது. இங்கிலாந்து உள்ளூர் ஏழையை வைத்துக்கொண்டு வழிப்போக்கனை விரட்டிற்று. தஞ்சை வழிப்போக்கனை அழைத்தது.

உள்ளூர் ஏழை? மணி ஒலித்தது அவனுக்கன்று. சத்திரத்துக்கு நெல் அளந்த வயல்களில் சேற்றில் நின்றவன் பண்ணையாள். அவன் பசி மிராசுதாரின் களத்தோடு கட்டுண்டது. களத்தில் அளந்த கூலி நெல்லே அவன் கண்ட ஈகை. அடிமைமுறையைச் சட்டம் ஏற்காது என்று 1843இல் ஆணை வந்தபின்னும் கடனும் வழக்கமும் அவனைப் பிணித்திருந்தன. பண்ணையாளுக்கெனத் தஞ்சைக்குத் தனிப் பாதுகாப்புச் சட்டம் வரவே 1952 ஆயிற்று. பந்தியிலும் சாதி வரிசை உண்டென்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. சத்திரங்களின் பெருமை பேசுவோர் இப்பக்கத்தை விரைந்து புரட்டிவிடுகின்றனர்.

முத்தாம்பாள் நினைவாக 1802இல் ஒரத்தநாட்டில் சரபோஜி எழுப்பிய சத்திரம், யானையும் குதிரையும் இழுக்கும் தேர்போல் வடிக்கப்பட்ட பகுதியோடு இன்றும் நிற்கிறது. நீடாமங்கலத்தில் யமுனாம்பாள் பெயரில் ஒன்று. சேதுபாவாசத்திரத்தில் சத்திரம் ஊர்ப்பெயராகவே நிலைத்துவிட்டது. 1855இல் அரசமரபு முடிவுற்றபின் இவை அரசின் கைக்கும், பின்னர் ஜில்லா போர்டின் கைக்கும் மாறின. சத்திர வருவாயில் திருவையாற்றில் வடமொழிக் கல்லூரி நடந்தது.

1920களில் போர்டுத் தலைவராயிருந்த சர் ஏ. டி. பன்னீர்செல்வம், கரந்தைத் தமிழ்ச் சங்கத்துத் தமிழவேள் உமாமகேசுவரனாரின் துணையோடு இங்கே கைவைத்தார். அறநிலை கல்விக்கு உரியது, ஒரு மொழிக்கு மட்டும் உரியதன்று என்பது அவர்தம் வாதம். கல்லூரியில் தமிழ் நுழைந்தது. அது அரசர் கல்லூரியாயிற்று. ஒரத்தநாட்டிலும் இராசாமடத்திலும் ஏழை மாணவர்க்கு இலவச விடுதிகள் திறந்தன. வழிப்போக்கர்க்கென விளைந்த சத்திரத்து நெல், உள்ளூர்ப் பிள்ளைகளின் இலைக்கு வந்துசேர நூறாண்டுக்கு மேல் ஆயிற்று.