விதவையர் நிதியும் விசுவாசமும்: 1744ஆம் ஆண்டுத் திட்டம் தரும் பாடம்

முதிர்வயதிற்கெனப் பொருள் சேர்ப்பது விசுவாசக் குறைவாகாதா என்னும் வினா குருமாரிடையே எழுவதுண்டு. நாளையைக் குறித்துக் கவலையுறலாகாதெனப் போதித்த ஆண்டவரே, கோபுரம் கட்டப் புகுபவன் முதலில் செலவைக் கணக்கிட வேண்டுமென்றும் உரைத்தார். இவ்விரு போதனைகளும் ஒன்றையொன்று மறுப்பன அல்ல என்பதைத் திருச்சபை வரலாற்றில் ஒரு நிகழ்ச்சி தெளிவாகக் காட்டுகிறது.

பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஸ்காட்லாந்துத் திருச்சபைப் போதகர் ஒருவர் மரித்தால், அவர் குடும்பத்தார் குருமனையை விட்டு வெளியேற வேண்டியவராயினர். சட்டப்படி அவர்களுக்குக் கிடைத்தது அரையாண்டு ஊதியமே. அதன் பின்னர் உறவினர் தயவையோ, பிறர் தர்மத்தையோ நம்பி வாழவேண்டியதாயிற்று.

இந்நிலையை மாற்ற முனைந்தவர்கள் எடின்பரோ நகரப் போதகர்களான ராபர்ட் வாலஸ், அலெக்சாண்டர் வெப்ஸ்டர் ஆகிய இருவர். வெப்ஸ்டர் 1742ஆம் ஆண்டுக் காம்பஸ்லாங் எழுப்புதலை ஆதரித்த சுவிசேஷக் கட்சியினர். வாலஸோ மிதவாதச் சிந்தனையுடையவர். 1743இல் பொதுப் பேரவையின் மாடரேட்டராக வீற்றிருந்தவர். இறையியலில் வேறுபட்ட இருவரும் விதவையரின் கண்ணீரைத் துடைப்பதில் ஒன்றுபட்டனர்.

அவர்கள் இரக்கத்தைத் தூண்டும் விண்ணப்பத்தோடு நின்றுவிடவில்லை. நாடெங்குமுள்ள திருச்சபை வட்டாரங்களிலிருந்து விவரங்களைத் திரட்டினர். எந்நேரத்திலும் ஏறத்தாழ 930 போதகர்கள் பணியில் இருப்பர். ஆண்டுதோறும் 27 பேர் மரிப்பர். அவர்களுள் 18 பேர் விதவையரை விட்டுச் செல்வர். ஐவர் தாயற்ற பிள்ளைகளை மட்டும் விட்டுச் செல்வர் எனக் கண்டனர். கணிதப் பேராசிரியர் காலின் மக்லாரின் அவர்களுடைய கணக்கைப் பரிசீலித்துத் துணைநின்றார்.

கணக்கின் உட்பொருளை ஓர் எளிய உதாரணத்தால் விளக்கலாம். போதகர் தம் விருப்பம்போல் தெரிந்துகொள்ள நான்கு சந்தா வீதங்கள் இருந்தன. ஆண்டிற்கு 5 பவுன் 5 ஷில்லிங் செலுத்தியவரின் விதவைக்கு ஆண்டுதோறும் 20 பவுன் உரியதாகும். முதலாண்டில் விதவையர் பதினெண்மரே. ஆகவே பணம் மிஞ்சும். ஒவ்வொரு விதவையும் சராசரியாகப் பதினெட்டு ஆண்டுகள் வாழ்வதாகக் கொண்டால், காலப்போக்கில் அவர்கள் 324 பேராவர். அவர்களுக்கு 6,480 பவுன் வேண்டும். 930 பேரும் இதே வீதத்தில் செலுத்தினாலும் சந்தா வரவு ஏறத்தாழ 4,880 பவுன்தான். ஆண்டுதோறும் குறைகின்ற 1,600 பவுனை 4 விழுக்காடு வட்டியால் ஈடுசெய்ய 40,000 பவுன் மூலதனம் வேண்டும். பிள்ளைகளுக்குரிய தொகையையும் சேர்த்தால் இன்னும் மிகுதியாக வேண்டும். தொடக்க ஆண்டுகளின் உபரியைச் செலவிட்டுவிட்டால், பின்வரும் விதவையர் வெறுங்கையராவர்.

பாராளுமன்றச் சட்டத்தால் 1744இல் இத்திட்டம் நடைமுறைக்கு வந்தது. 1765இல் நிதியின் இருப்பு 58,348 பவுனாக இருக்குமென மதிப்பிடப்பட்டிருந்தது. உண்மையில் இருந்தது 58,347 பவுன். வேறுபாடு ஒரே ஒரு பவுன்!

ஓய்வூதிய நிதியை நடத்தும் ஒவ்வொரு சபைக்கும் இக்கணக்கு பொருந்தும். ஆண்டுதோறும் கொடுக்கவேண்டிய தொகையில் சந்தா வரவைக் கழித்து, எஞ்சியதை ஈட்டக்கூடிய மூலதனம் உள்ளதா எனக் கேட்கவேண்டும். நம் காலத்தில் விலையேற்றத்தையும் கருதுதல் அவசியம். வட்டி 7 விழுக்காடும் விலையேற்றம் 5 விழுக்காடுமாயின், முதலின் மதிப்புக் குன்றாமல் எடுக்கக்கூடியது ஏறத்தாழ 2 விழுக்காடே. அதாவது ஆண்டிற்கு ஒரு ரூபாய் எடுக்க ஐம்பது ரூபாய் சேர்ந்திருக்கவேண்டும்.

ஆதிச் சபையில் விதவையர் பந்தியில் கவனியாது விடப்பட்டபோது, அப்போஸ்தலர் ஜெபத்தோடு நின்றுவிடாமல் எழுவரை நியமித்து ஒழுங்கு செய்தனர். வாலஸும் வெப்ஸ்டரும் செய்ததும் அதுவே. இன்று இறையியல் பயிலும் மாணவர் நாளை சபையின் நிதிக் குழுவில் அமர்வர். அங்கே கணக்கேட்டைக் கவனமாய்ப் புரட்டுவதும் மேய்ப்பனின் ஊழியமே என்பதை அவர்கள் மறவாதிருப்பார்களாக.