பெயர் நிலைத்த வரலாறு

கடையில் தேயிலை வாங்குவோர் பலர் பொட்டலத்தைப் பிரித்துப் பார்ப்பதில்லை. மார்க்கைச் சொல்லிக் கேட்டு வாங்குகின்றனர். அப்பெயர் பல்லாண்டு நம்பிக்கையின் சுருக்கமாகும். பொருளுக்கு வாய்க்கும் இந்நிலை ஒரோவழி விளையாட்டுக் குழுவுக்கும் வாய்த்துவிடுகிறது. ஆடியவர் மறைகின்றனர், பயிற்றியவரும் மறைகின்றனர், பெயர் மட்டும் தலைமுறை தலைமுறையாக நிற்கிறது. கல்லூரித் திடலில் தொடங்கிய ஓர் ஆட்டம் நாடறிந்த பெயராவது எங்ஙனம்? வெற்றிகளே காரணம் எனின், வெற்றி பல பெற்றும் இன்று பெயர் தெரியாமற் போன குழுக்கள் எத்தனையோ உள. ஆதலின் விடையை வேறிடத்தில் தேடவேண்டும். அமெரிக்காவிலும் வங்கத்திலும் நிகழ்ந்த இரு வரலாறுகளைப் பினாங்கின் வரலாற்றோடு ஒப்பிட்டு நோக்கினால் விடை புலப்படும்.

ஒதுக்கப்பட்டோரின் கல்லூரி

அமெரிக்க நாட்டின் இந்தியானா மாநிலத்தில் 1842ஆம் ஆண்டில் கத்தோலிக்கத் துறவியர் நிறுவியது நோட்டர் டேம் பல்கலைக் கழகம். அங்கு ஆடப்படுவது நம் நாட்டார் அறிந்த காற்பந்து அன்று. பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடும் அமெரிக்கக் காற்பந்து ஆகும். 1887இல் அவ்வாட்டம் அக்கல்லூரியில் தொடங்கிற்று. அண்டைப் பெரும் பல்கலைக் கழகங்கள் தம் கூட்டமைப்பில் இச்சிறு கல்லூரியைச் சேர்த்துக்கொள்ள மறுத்தன. அருகில் எதிராளி கிடைக்காமையால் குழுவினர் தொலைவிலுள்ள நகரங்களுக்குப் புகைவண்டியேறிச் சென்று ஆடினர். விலக்கே வழியாயிற்று.

1913 நவம்பர் 1ஆம் நாள் நியூயார்க் மாநிலத்துப் படைத்துறைக் கல்லூரியின் குழுவை நோட்டர் டேம் 35க்கு 13 என்ற கணக்கில் வென்றது. டோரைஸ் எறிந்த பந்தை முன்னோடிப் பிடித்தவர் நூட் ராக்னி. பின்னர் 1918 முதல் 1930 வரை அவரே பயிற்றுநராக இருந்து 105 ஆட்டங்களில் வெற்றி தேடித் தந்தார்; தோற்றவை 12, சமனானவை 5.

இவ்வெண்ணிக்கையினும் பெரிது ஒன்றுண்டு. அயர்லாந்திலிருந்தும் இத்தாலியிலிருந்தும் போலந்திலிருந்தும் பிழைக்க வந்த கத்தோலிக்கத் தொழிலாளர் அக்காலத்தில் இகழ்ச்சிக்கு ஆளாயினர். கல்லூரி வாயிலை ஒருநாளும் மிதித்தறியாத அவர்கள், நியூயார்க்கில் அக்குழு ஆடிய போதெல்லாம் திரண்டு வந்தனர். சுரங்க ரயிலேறி வந்த அவர்களைச் ‘சுரங்க ரயில் பழைய மாணவர்’ என்றே செய்தித்தாள்கள் அழைத்தன. எதிரிகள் இழித்துச் சொன்ன ‘சண்டைக்கார ஐரிஷ்’ என்னும் பெயரைக் கல்லூரியே 1927இல் தன் குழுவின் பெயராக ஏற்றுக்கொண்டது. 1931இல் ராக்னி வானூர்தி விபத்தில் மாண்டார், பெயர் மாளவில்லை. 1991 முதல் அக்குழு தன் உள்ளூர் ஆட்டங்களை ஒளிபரப்பத் தனியாகவே ஒரு தேசியத் தொலைக்காட்சி நிறுவனத்தோடு உடன்படிக்கை செய்துகொள்ளும் நிலையை எய்தியது.

வெறுங்காலின் வெற்றி

இனி வங்கத்துக்கு வருவோம். இந்தியர் காற்பந்தை ஆடத் தொடங்கியது கல்கத்தாவின் மாணவரிடையேதான். ஹேர் பள்ளியில் பயின்ற நாகேந்திர பிரசாத் சர்வாதிகாரி என்னும் சிறுவன் 1877ஆம் ஆண்டளவில் வெள்ளையர் ஆடிய பந்தை உதைத்துப் பார்த்து, தன் வகுப்புத் தோழரைச் சேர்த்துக்கொண்டு ஆடத் தொடங்கினான் என்பது மரபாக வழங்கும் செய்தி. அம்மாணவர்க்கு ஆட்ட முறையைக் கற்பித்தவர் பிரசிடென்சிக் கல்லூரிப் பேராசிரியர் ஸ்டாக்.

1889இல் வட கல்கத்தாவில் மோகன் பகான் கழகம் தோன்றிற்று. அதன் முதல் ஆட்டமே பிரசிடென்சிக் கல்லூரியைச் சார்ந்த ஈடன் இந்து விடுதி மாணவருடன் நிகழ்ந்தது. அக்கல்லூரிப் பேராசிரியர் ரோ என்பவரின் அறிவுரைப்படியே கழகத்தின் பெயரில் ‘ஸ்போர்ட்டிங்’ என்ற சொல் நீங்கி ‘அத்லெட்டிக்’ என்ற சொல் புகுந்தது. ஆகவே மோகன் பகான் கல்லூரிக் குழு அன்றாயினும், கல்லூரி மண்ணில் வேரூன்றி வளர்ந்ததே.

1893இல் தொடங்கிய ஐ.எப்.ஏ. கேடயத்தை 1910 வரை எந்த இந்தியக் குழுவும் வென்றதில்லை. பட்டாளத்தார் பூட்ஸ் அணிந்து ஆடினர். வங்காளிகள் பெரும்பாலும் வெறுங்காலோடு ஆடினர். 1911 ஜூலை 29ஆம் நாள் இறுதியாட்டத்தில் மோகன் பகான் கிழக்கு யார்க்ஷயர் படைப்பிரிவை எதிர்த்து நின்றது. பதினொருவருள் பூட்ஸ் அணிந்தவர், ஆசிரியப் பணி செய்த சுதிர் சட்டர்ஜி ஒருவரே. முதற் கோல் பட்டாளத்தாருடையது. ஆட்டத்தின் இறுதிக் கட்டத்தில் தலைவர் சிவதாஸ் பாதுரி ஒரு கோல் அடித்துச் சமன் செய்தார்; அபிலாஷ் கோஷ் மற்றொன்று அடித்து வெற்றியை முடித்தார். திடலை நெருங்க இயலாது தொலைவில் நின்ற பல்லாயிரவர்க்குப் பட்டம் பறக்கவிட்டுக் கோல் கணக்கை அறிவித்தனராம்.

1905இல் பிரிக்கப்பட்டு மனம் புண்பட்டிருந்த வங்கத்துக்கு அவ்வெற்றி வெறும் ஆட்ட வெற்றியாகத் தோன்றவில்லை. வெள்ளைப் பட்டாளத்தைச் சட்டம் மீறாமல் வெல்லத்தக்க ஓரிடம் உண்டு என்பதை அது காட்டிற்று. அக்கழகத்தின் பெயர் அன்றே வங்க எல்லையைக் கடந்துவிட்டது.

பெயருக்கு உரியவர் யார்?

இவ்வாறு நிலைத்த பெயர் யாருக்குச் சொந்தம் என்னும் வினா நூறாண்டுக்குப் பின் எழுந்தது. 2020இல் மோகன் பகானின் காற்பந்துப் பிரிவு வணிக நிறுவனம் ஒன்றின் குழுவான ஏ.டி.கே.யுடன் இணைந்தது, ‘ஏ.டி.கே. மோகன் பகான்’ என்று புதுப்பெயர் பூண்டது. குழு வலிமை பெற்றது. ஆயினும் அன்பர்கள் அமைதி கொள்ளவில்லை. முன்னொட்டை நீக்குக என்று திடலிலும் தெருவிலும் குரலெழுப்பினர். 2023 மார்ச் 18ஆம் நாள் அக்குழு இந்தியச் சூப்பர் லீக் கோப்பையை வென்ற அன்றே, முன்னொட்டு நீங்கும் என்று உரிமையாளர் அறிவித்தார். ‘மோகன் பகான் சூப்பர் ஜயன்ட்’ என்னும் பெயர் வழங்கலாயிற்று. பின்னொட்டாக நிறுவனத்தின் முத்திரை ஒட்டிக்கொண்டதேனும், மக்கள் தம் பெயரை முன்னிறுத்திக் கொண்டனர்.

குழுவை விலைக்கு வாங்கலாம், ஆட்டக்காரரை வாங்கலாம். ஒரு மக்கட் கூட்டத்தார் தம் தன்மானமாக ஏற்ற பெயரை அவர்தம் இசைவின்றி மாற்றவியலாது. நோட்டர் டேமின் பெருமைக்கும் மோகன் பகானின் பெருமைக்கும் அடிப்படை இதுவே. இரண்டும் தாழ்த்தப்பட்டோர்க்குத் தலை நிமிரும் வாய்ப்பைத் தந்தன.

பினாங்கில் நிகழ்ந்தது

பினாங்கில் கல்விக்கூடங்களுக்குக் குறைவில்லை. 1816இல் பாதிரியார் ஹட்சிங்ஸ் நிறுவிய பினாங்கு பிரீ ஸ்கூல் இருநூறாண்டைக் கடந்தது. இன மத வேறுபாடின்றி எல்லார்க்கும் திறந்திருந்தமையே அப்பெயரின் பொருள். அங்குப் பயின்ற துங்கு அப்துல் ரகுமான் 1951இல் மலாயாக் காற்பந்துச் சங்கத்தின் தலைவரானார். விடுதலை பெற்ற 1957இல் மெர்டேக்கா போட்டியைத் தொடங்கி வைத்தார். 1958 முதல் 1977 வரை ஆசியக் காற்பந்துக் கூட்டமைப்புக்கும் தலைமை தாங்கினார். ஆயினும் இங்கு எந்தப் பள்ளியின் காற்பந்துக் குழுவும் நோட்டர் டேம் போல நாடறிந்த பெயராகவில்லை. ஏன்?

போட்டி அமைந்த முறை ஒரு பெருங்காரணம் எனலாம். மலாய் நாடுகள் பொருளுதவி செய்து கட்டிய ‘மலாயா’ என்னும் போர்க்கப்பலின் மாலுமிகள் நன்றியாக அளித்த கோப்பைக்கு 1921இல் ஆட்டம் தொடங்கிற்று. அதில் மோதியவை மாநிலங்கள். பள்ளிகளோ கழகங்களோ அல்ல. பள்ளி நாற்றங்காலாயிற்று; விளைச்சலின் பெயர் மாநிலத்துக்குச் சென்றது. 1953, 1954, 1958, 1974 ஆகிய ஆண்டுகளில் கோப்பையை வென்றபோது எல்லா இனத்தாரும் ஆர்த்த பெயர் பினாங்கு என்பதே. இது குறையன்று. பல இனம் வாழும் தீவில், ஒரு பள்ளியின் பெயரினும் எல்லார்க்கும் பொதுவான பெயர் வளர்ந்தது நன்றே.

தோட்டத்தின் பெயர்

தமிழாசிரியர் எண்ணத்தக்கது ஒன்றுண்டு. ரப்பர்த் தோட்டங்கள் பலவற்றில் மாலை வேளையில் பால்மரத் தொழிலாளர் கூடிப் பந்தாடிய திடல் இருந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்தனர், திடல்கள் மறைந்தன. செபராங் பிறையில் தோட்டமாயிருந்த பத்து காவானில் இன்று தொழிற்பேட்டையும், 2000இல் திறக்கப்பட்ட மாநில விளையாட்டரங்கமும் விளங்குகின்றன. ஆனால் அங்குள்ள தமிழ்ப்பள்ளி இன்றும் பத்து காவான் தோட்டத் தமிழ்ப்பள்ளி என்றே வழங்குகிறது. ஜாவி, வால்டோர், பைராம் என்று பிற தோட்டங்களின் பெயர்களும் பள்ளிப் பலகைகளில் நிற்கின்றன. தோட்டம் போயிற்று, பெயரைப் பள்ளி ஏந்திக்கொண்டது.

அப்பெயர் பலகையில் மட்டும் இருந்தால் எழுத்தாகவே நிற்கும். நோட்டர் டேமின் பெயரையும் மோகன் பகானின் பெயரையும் காத்தது கோப்பை அடுக்கிய அலமாரி அன்று. தந்தை மகனுக்குச் சொன்ன கதையே காத்தது. அக்கதையை எழுதி வைத்த ஏடும் காத்தது. தோட்டத் திடலில் ஆடிய முதியவர் சிலர் இன்னும் உள்ளனர். எந்த ஆண்டில் எந்தத் தோட்டத்தோடு ஆடினர், பந்து வாங்க யார் பணம் திரட்டினர், வென்ற இரவில் லயத்தில் என்ன நிகழ்ந்தது என்பவற்றை மாணவரைக் கொண்டு கேட்டு எழுதச் செய்தல் ஆசிரியரால் ஆகக்கூடிய பணி. அதற்கு ஒரு குறிப்பேடும், ஒரு பள்ளித் தவணையும் போதும். காலம் தாழ்த்தினால் கேட்பதற்கு ஆளிராது.